சி.ஆர்.பி. இறங்கினால் ஊசியை நிறுத்தலாமா?

திருகோணமலை

அன்புள்ள மருமகளுக்கு,

தம்பியின் கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். ஈ.எஸ்.ஆர். 12, சி.ஆர்.பி. 4. “எல்லாம் சரியாகிவிட்டதே மாமா, பிறகேன் மூன்று கிழமைக்கொரு பென்சிலின் ஊசி?” என்று கேட்கிறாய். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் தம்பிக்கு வந்த வாதக் காய்ச்சல் (ருமற்றிக் காய்ச்சல்) என்ற நோயைப் பார். ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி தொண்டை நோவாக வருகிறது. வாடைக் காலத்தில் கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீடுகளில் இலகுவாகப் பரவும். தொண்டை நோ மாறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, சிலரில் அந்தக் கிருமிக்காக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கத் தொடங்குகின்றன. கிருமியின் எம் புரதமும் இதயத் தசையின் மயோசினும் சாயலில் ஒத்திருப்பதால் வரும் வினை இது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கே கூடுதலாக வரும். மூட்டு நோ சுவடில்லாமல் மாறிவிடும். இருகூர் வால்வில் விழுந்த தழும்பு அப்படி மாறாது.

இனி இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். ஈ.எஸ்.ஆர். செய்வதை ஒருநாள் ஆய்வுகூடத்தில் நின்று பார். உறையாமல் சிட்ரேட் கலந்த இரத்தத்தை மெல்லிய குழாயில் 200 மில்லிமீற்றர் உயரத்துக்கு இழுத்து, நேராக நிறுத்தி வைப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் செங்குழியங்கள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கி, மேலே மஞ்சள் திரவம் தெளிகிறதோ அதுதான் கணக்கு. அழற்சி இருந்தால் பைபிரினோஜன் கூடி, செங்குழியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கும். அடுக்கானவை வேகமாக இறங்கும். ஆனால் இரத்தச்சோகையும் இந்த எண்ணை ஏற்றிவிடும். இதயம் செயலிழக்கும்போது அது குறைந்தும் காட்டலாம்.

சி.ஆர்.பி. ஈரலில் உருவாகும் புரதம். நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெற்றும் பிரான்சிஸும் 1930இல் நிமோனியா நோயாளரிடம் கண்டுபிடித்தது. அழற்சி தொடங்கிச் சில மணித்தியாலங்களில் ஏறும். காரணம் தீர்ந்தால் 19 மணித்தியாலத்துக்கொருமுறை பாதியாகும். ஈ.எஸ்.ஆர். இறங்கவோ கிழமைக் கணக்காகும்.

இந்த நோயைக் கண்டறிய 1944இல் டக்கெற் ஜோன்ஸ் வகுத்த அளவுகோல்களை அமெரிக்க இதயச் சங்கம் 2015இல் திருத்தியது. நோய் கூடுதலாக உள்ள இடங்களில் ஈ.எஸ்.ஆர். 30, சி.ஆர்.பி. லீற்றருக்கு 30 மில்லிகிராம், அல்லது அதற்கு மேல் இருந்தால் கணக்கில் எடுக்கலாம். அதுவும் சிறு அளவுகோலாக மட்டுமே. நிமோனியாவிலும் எலிக்காய்ச்சலிலும்கூட இவை ஏறுமல்லவா? கொப்பியில் உள்ள ஏ.எஸ்.ஓ. வேறு விஷயம், அது கிருமி வந்துபோனதற்குச் சாட்சி, அழற்சிக்கு அல்ல.

ஆகவே இந்த எண்கள் இன்றைய அழற்சியை மட்டும் சொல்கின்றன. கடல் இன்று அமைதி என்பதால், போன மாதப் புயலில் வள்ளத்தின் பலகை பிளக்கவில்லை என்றாகிவிடுமா? கரையேற்றிப் பார்த்தால்தான் தெரியும். வால்வுக்கு அந்தப் பார்வை எக்கோ என்ற இதய ஸ்கேன். நாட்பட்ட வால்வு நோயாளரில் சி.ஆர்.பி. சற்றுக் கூடியிருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதை வைத்து ஒரு தனிப் பிள்ளையின் வால்வைத் தீர்மானிக்க முடியாது.

ஊசி போடுவது அழற்சியைத் தணிக்க அல்ல, கிருமி திரும்ப வராமல் தடுக்க. ஒவ்வொரு மறுதாக்கமும் பழைய தழும்பின்மேல் புதிய தழும்பு. உகண்டாவில், வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் எக்கோவில் மட்டும் ஆரம்பநிலைப் பாதிப்புத் தெரிந்த 818 பிள்ளைகளை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம்.

தம்பியைப்போல் வால்வில் கசிவு மாறாமல் தங்கிவிட்டவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டல் சொல்வது 10 வருடம் அல்லது 40 வயது வரை, இதில் எது நீண்டதோ அது. எப்போது நிறுத்துவது என்பதைக் கிளினிக் வைத்தியர்தான் சொல்லவேண்டும். அப்பா கடலுக்குப் போய்விட்டார், கூட்டிப்போக ஆளில்லை என்று ஒரு தவணையும் தவறக்கூடாது. நீ கூட்டிக்கொண்டு போ. இடையில் தொண்டை நோ, காய்ச்சல், மூட்டு வீக்கம் வந்தால் அன்றே காட்டு, ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் கைகொடுப்பது அப்போதுதான். அடுத்தமுறை போகும்போது எண்ணை மட்டும் கேட்டு வராதே. எக்கோவில் கசிவு கூடியிருக்கிறதா, அடுத்த ஊசி எந்தத் திகதி என்று இரண்டையும் கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா