கேட்காமலே தேடிப் போங்கள்

அன்புள்ள இளம் பேராசிரியருக்கு,

அரசு கலைக்கல்லூரியில் நீங்கள் எடுக்கப்போகும் வகுப்புகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் நடுவில் நின்றுவிட்டால், வீட்டில் கஷ்டம் அல்லது படிப்பில் நாட்டமில்லை என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டுமே கல்லூரியின் பொறுப்பைக் கழித்துவிடுகின்றன. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவருக்குப் புரியாத ஆங்கிலப் பாடம், முதல் அரியர், கட்டணம் கட்டும் வாரத்தில் போன கூலி வேலை என்று விலகல் சிறுகச் சிறுக நடக்கிறது. வருகைப்பதிவேட்டில் அது முன்பே தெரியும். நாமோ பருவம் முடியும் தறுவாயில் 75 சதவீதம் எட்டாதவர்களின் பட்டியலை ஒட்டும்போதுதான் அதைப் படிக்கிறோம். உதவி வேண்டுமென்றால் வந்து கேட்கட்டுமே என்பீர்கள். யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருப்பதே படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் சீதனம்.

கேட்காமலே உதவி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007இல் 'அசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பாடநூல், பயண அட்டை ஆகியவற்றோடு, ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர் என்ற அளவில் ஆலோசகர்கள். வழக்கமாக அங்கே ஓர் ஆலோசகருக்கு 600க்குக் குறையாது. வருமானம் குறைந்த மாணவர் சுமார் 900 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். ஊட்டி வளர்ப்பதால் தரம் குறையும் என்பார்கள். இரு தரப்பாரும் படித்தது அதே கல்லூரிகளின் அதே பட்டத்துக்குத்தான். செலவு கூடியது உண்மை. ஆனால் ஒரு பட்டதாரியை உருவாக்க ஆன செலவு குறைந்தது.

நம்மிடம் பணம் கொஞ்சமாவது வருகிறது: தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. குறைவது ஆள். மாணவர் வழிகாட்டிக்கான மென்டர் கோப்பு எல்லாக் கல்லூரியிலும் உண்டு. நாக் தரமதிப்பீட்டு வாரத்தில் தூசி தட்டப்படும். நியூயார்க்கில் ஆலோசகரைச் சந்தித்தால்தான் பயண அட்டை. அதை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். நம் கல்லூரிகளில் கையெழுத்துப் போடுபவர் சீக்கிரமே அதிகாரியாகிவிடுவார், மாணவர் அவரைக் கண்டு ஒதுங்குவார். வகுப்பின் அறுபது பேரையும் கவனிக்க நேரமேது என்றால், அறுபது பேருக்கும் அது தேவையில்லை. முதல் மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களையும் முதல் இன்டர்னல் தேர்வு எழுதாதவர்களையும் மட்டும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டாமல், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உதவித்தொகை தாமதம் என்றால் அலுவலகத்துக்கு அவரை அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.