சோலார் இருக்கட்டும், மேஸ்திரி எங்கே?

அன்புள்ள தங்கச்சி,

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கியாயிற்று, கரியமில வாயு அதிகம் கக்காத வீடாகக் கட்ட வேண்டும், மாடியில் எத்தனை சோலார் தகடு போடலாம் என்று கேட்டிருக்கிறாய். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற புத்தி உன்னைவிட்டுப் போகவில்லை. சோலார் தாராளமாகப் போடு. ஆனால் நீ பால் காய்ச்சும் முன்பே சிமென்டும் கம்பியும் சூளைச் செங்கலும் ஏராளமான வாயுவைக் கக்கி முடித்திருக்கும். சிமென்ட் ஆலை வெளிவிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல், சுடும்போது சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது.

சூளைச் செங்கலுக்குப் பதிலாக வெளிநாட்டுச் சரக்கைத் தேடாதே. உன் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ.கே.என். ரெட்டி ‘அஸ்த்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே கே.எஸ். ஜகதீஷ் போன்றவர்கள் செம்மண்ணோடு மணலும் கொஞ்சம் சிமென்டும் கலந்து, கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் அழுத்தி மண்கல் செய்தார்கள். சூளை கிடையாது, தண்ணீர் தெளித்து ஆறவிட்டால் போதும். ஜகதீஷும் வெங்கட்ராம ரெட்டியும் 2003இல் வெளியிட்ட கணக்கில், சூளைச் செங்கலுக்கு ஆகும் ஆற்றலில் கால்பங்குதான் இதற்கு.

மழையில் கரையாதா என்பாய். சரியான கலவையில் செய்து ஆறிய கல் கரையாது. இதற்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. அடியில் கருங்கல் கட்டை உயர்த்தி, மேலே கூரையை வெளியே நீட்டிவிடு. வித்யாரண்யபுரத்தில் கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் தன் வீட்டையே மண்கல்லில் கட்டிக் குடியிருக்கிறார்.

“எங்க மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியாதே அண்ணா!” இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆய்வுக்கூடம் கல்லைக் கண்டுபிடித்தால் மட்டும் வீடு எழும்பாது. அச்சு செய்யும் பட்டறை, வரைகிறவர், கொத்தனார் எல்லாரும் சேர வேண்டும். நம் வழக்கமோ வேறு: வரைபடம் முடிந்து, இன்ஜினியர் கணக்குப் போட்டு, காண்ட்ராக்டர் விலை சொல்லி, கடைசியில்தான் மேஸ்திரி முகத்தைப் பார்ப்போம். இன்ஜினியர் பழக்க தோஷத்தில் நாலு பக்கமும் காங்கிரீட் தூண் போட்டிருப்பார். சுமை தாங்க வேண்டிய மண்சுவர் இடைவெளியை அடைக்கிற வேலைக்கு வந்துவிடும். மிச்சம் பிடித்த சிமென்ட் தூணுக்குள் போய்விடும். ஒரு மாடி வீட்டுக்குத் தூண் தேவைதானா என்று கூச்சப்படாமல் கேள். வரைபடம் போடும் நாளிலேயே மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் உட்கார வை. கட்டிய பிறகு வந்தால் அவர் சுவரைக் கொத்துவார். கொத்தியதை மறைக்கப் பூச்சு, பூச்சுக்கு மறுபடி சிமென்ட். “பூசாமல் விட்டால் பாதி வேலை மாதிரி இருக்கே” என்று அத்தை சொல்வாள். காபி கொடுத்து அனுப்பு.

சிமென்டே வேண்டாம் என்று சபதம் எடுத்துவிடாதே, எதையும் அளவோடு செய்யத் தெரியாதவள் நீ. சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த, வாயு குறைவாகக் கக்கும் எல்சி3 சிமென்டுக்காக உழைத்தார்கள். 2023இல் அதற்கும் தர நிர்ணயம் வந்தது. அது உன் பக்கத்துக் கடையில் கிடைக்காவிட்டால், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் வாங்கு.

இந்த வாரமே சைட்டில் ஒரு குழி வெட்டி, கீழ்மண்ணை ஒரு பை எடுத்து, மண்கல்லுக்கு ஏற்றதா என்று சோதனைக்கு அனுப்பு. களி அதிகமென்றால் மணல் சேர்க்கச் சொல்வார்கள். முடிவு வருவதற்குள் கடக்கால் தோண்டி மண்ணை டிப்பரில் ஏற்ற காண்ட்ராக்டர் அவசரப்படுவார். நீ கேட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்.

அண்ணன்