துணைக்கோள் வழி இணையம்: ஊர்ப்புற வீட்டார்க்கு ஒரு பாடம்

கம்பியும் கோபுரமும் எட்டாத வீட்டிற்கும் ஆகாய மார்க்கமாக இணையம் வந்து சேரும் காலம் இது. நெசவாளர் தாம் நெய்த சேலையின் கரையையும் முந்தானையையும் படமெடுத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்பவும், விவசாயி அன்றைய சந்தை விலையை அறியவும், குழந்தைகள் வீட்டிலிருந்தவாறே பாடம் கேட்கவும் இது துணை செய்கிறது. எனினும், கருவிக்கு ஒரு தொகையும் மாதந்தோறும் சந்தாவும் செலுத்த வேண்டியிருப்பதால், இதன் இயல்பை அறியாது வாங்குவோர் பிற்பாடு வருந்த நேரிடும். ஆகவே, அங்கத்தினர்கள் கைப்பணத்தைச் செலவிடுமுன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு ஆராய்வோம்.

இணையம் தரும் துணைக்கோள்களில் முக்கியமானவை இருவகை. முதல் வகை, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவன. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் இவையும் ஒருமுறை சுற்றுவதால், கீழிருந்து காண்போர்க்கு ஒரே இடத்தில் நிலைத்து நிற்பனபோல் தோன்றும். வீட்டுக் கூரையில் பொருத்தும் டிஷ்ஷை அவ்விடம் நோக்கி ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். இரண்டாம் வகை, மிகத் தாழ்வாகப் பறப்பன. ஸ்டார்லிங்க் என்னும் நிறுவனத்தின் கோள்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பூமியை வலம் வருகின்றன. ஒன்று அடிவானில் மறையுமுன் மற்றொன்று தோன்ற வேண்டுமாதலால், இவ்வகைக்கு ஆயிரக்கணக்கில் கோள்கள் தேவைப்படுகின்றன.

உயரத்தின் வேற்றுமையால் விளைவதென்ன? வானொலி அலை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். உயரத்துக் கோளுக்கு ஏறி இறங்க 71,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அதாவது கால் விநாடி. நாம் கேட்டதற்கு மறுமொழி வர இன்னொரு கால் விநாடி. நடைமுறையில் இத்தாமதம் அரை விநாடிக்கு மேலேயே நிற்கும். எத்துணை விலை கொடுத்தாலும் இதைக் குறைக்க இயலாது; இது தூரத்தின் குற்றமேயன்றிக் கருவியின் குற்றமன்று. தாழ்வான கோள்களில் இதே தாமதம் விநாடியில் நூற்றில் சில பங்காகச் சுருங்கிவிடுகிறது. சேலைப் படம் அனுப்பவும், விலைப்பட்டியல் பார்க்கவும், கடிதம் எழுதவும் அரை விநாடித் தாமதம் ஒரு பொருட்டன்று. ஆனால் முகம் பார்த்துப் பேசும்போது இருவரும் ஒருங்கே பேசத் தொடங்கி இருவரும் ஒருங்கே நிறுத்துவர். ஆகவே, எக்காரியத்திற்கு இணையம் வேண்டுமென்பதை வீட்டார் முதலில் தீர்மானித்துக்கொள்ளுதல் நலம்.

தாமதத்தினும் பெரிய விஷயம் பங்கீடு. துணைக்கோள் பூமியின்மீது கதிர்களைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு கதிரும் ஒரு பரப்பை மூடுகிறது. அப்பரப்பிலுள்ள வீடுகள் அனைத்தும் அந்த ஒரு கதிரையே பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே வாய்க்காலில் மடைகள் பெருகினால் கடைமடைக்காரர் கதி என்னவாகும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலிய நாட்டின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே உட்புறப் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளவை. 1951-ஆம் ஆண்டிலேயே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலிருந்து வானொலி மூலம் பண்ணைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ‘ஆகாயப் பள்ளி’ தொடங்கப்பெற்றது. 2011-இல் அரசாங்க நிறுவனமான என்.பி.என்., பிறருடைய துணைக்கோள்களில் இடம் வாடகைக்குப் பெற்று, இத்தகைய வீடுகளுக்கு இடைக்கால இணையச் சேவை அளித்தது. 48,000 வீடுகள் என்ற வரம்பு 2013-இல் நிறைந்துவிட்டது. அதற்குள் அசையும் படங்களைப் பார்க்கும் வழக்கமும் பெருகியமையால், மாலை வேளைகளில் வேகம் நத்தையாயிற்று. வாய்க்கால் ஒன்றே, மடைகளோ மிகுதி.

பின்னர் அந்நிறுவனம் ‘ஸ்கை மஸ்டர்’ என்னும் பெயரால் சொந்தமாக இரு கோள்களை 2015-இலும் 2016-இலும் ஏவச் செய்தது. (ஆகாயப் பள்ளியில் பயின்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சூட்டிய பெயர் அது, மந்தையை ஒன்றுசேர்ப்பதை அந்நாட்டார் ‘மஸ்டர்’ என்பர்.) இவற்றுள் இரண்டாவது கோள், நம் நாட்டின் ஜிசாட்-18 உடன் ஒரே ராக்கெட்டில் விண்ணேறியது. ஒவ்வொரு கோளும் 101 கதிர்களைப் பாய்ச்சும்படி அமைக்கப்பெற்றது. எனினும், தட்டுப்பாடு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. தொடக்கத்தில் பகலுக்கும் மாலைக்கும் ஓர் அளவு, நள்ளிரவு கடந்து 1 மணி முதல் காலை 7 மணி வரை வேறோர் அளவு என்று பங்கீடு செய்தனர். இராமுறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றதே இது. விவரமறிந்த வீட்டார் பெரிய கோப்புகளை இரவில் இறக்கிக்கொள்ளும்படி கருவிகளை அமைத்துவிட்டு உறங்கப் போயினர்.

அந்நாட்டில் நாம் கவனிக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. 2014-இல் பண்ணை வீட்டுப் பெண்மணிகள் முன்னின்று ‘பர்ர்’ என்று சுருங்க வழங்கும் ஒரு தொண்டர் குழுவை அமைத்தனர். தத்தம் வீட்டில் இணையம் எவ்வளவு வந்தது, எப்போது நின்றது என்னும் விவரங்களைத் திரட்டி அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். அண்டை வீட்டார்க்குக் கருவிகளைச் சீர்செய்யவும் வழிகாட்டினர். தனித்தனியே முறையிட்டபோது கிட்டாத செவி, கணக்கோடு கூடிச் சென்றபோது கிட்டியது. கூட்டுறவாளர்க்கு இது புதிய செய்தியன்று.

நிற்க. நம் பக்கத்து நிலையைக் காண்போம். ஒன்வெப் நிறுவனத்தின் 72 கோள்கள் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலுமாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பெற்றன. இந்திய அரசு 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் வழங்கியது. இலங்கையில் அதே ஆண்டு ஜூலையில் அச்சேவை தொடங்கிவிட்டது. ஆதலால் இவற்றை விற்போர் நம் வாசற்படி ஏறி வருமுன் சில சோதனைகளை நாமே செய்துகொள்ளலாம்.

முதலாவது, வானம். உயரத்துக் கோளுக்கு ஒரு திசையில் ஒரு துண்டு வானம் தெளிவாக இருந்தால் போதும். தாழ்ந்த கோள்களோ வானெங்கும் ஓடுவனவாகையால், கருவிக்கு நாற்புறமும் திறந்த வெளி வேண்டும். தென்னந்தோப்பின் நடுவே உள்ள வீட்டில் ஒவ்வொரு மட்டையும் சில விநாடி இணைப்பை அறுக்கும். மொட்டை மாடியிலோ உயர்ந்த கம்பத்திலோ பொருத்த இயலுமா என்று முன்னதாகப் பார்த்தல் வேண்டும். கம்பம் உயர உயர இடிதாங்கியும் மண்ணில் இறக்கும் தரைக்கம்பியும் அவசியமாகும்.

இரண்டாவது, மழை. இவற்றில் பயன்படும் அலைகளின் நீளம் ஒரு சென்டிமீட்டர் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரையே. கனத்த மழைத் துளிகள் அவற்றை விழுங்கியும் சிதறடித்தும் விடும். தூறலால் தொல்லையில்லை, ஐப்பசி அடைமழையில் கருமேகம் தலைக்குமேல் நிற்கையில் சில நிமிடம் இணைப்பு அறுபடுதல் இயற்கை. பணம் அனுப்புவது போன்ற காரியங்களை அவ்வேளையில் தொடங்காதிருத்தல் நன்று.

மூன்றாவது, மின்சாரம். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தாழ்ந்த கோள்களுக்கான வீட்டுக் கருவி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் என்று கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.8 யூனிட், இரு மாதத்திற்கு 108 யூனிட். 2016-இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அறிவிக்கப்பெற்ற 100 யூனிட் சலுகையை இஃதொன்றே மிஞ்சிவிடும். உறங்கும் நேரத்தில் அணைத்து வைத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கலச் செலவையும் இதனோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கண்ணாடி இழைக் கம்பி ஊராட்சி வரை வந்திருக்குமானால், அல்லது கைப்பேசிக் கோபுரம் நன்கு எட்டுமானால், துணைக்கோளை நாடுவதில் பிரயோசனம் சிறிதே. எட்டாத மலையூர்களிலும் தீவுகளிலும் வீட்டுக்கு ஒன்றாக வாங்குவதைவிடச் சங்கக் கட்டடத்தில் ஒன்று வைத்து, அங்கத்தினர்கள் அங்கு வந்து படம் அனுப்பவும் விலை அறியவும் ஏற்பாடு செய்வது சிக்கனமானது. ஆனால், வீட்டுச் சந்தாவைப் பெற்றுப் பலருக்குப் பகிர்வதை ஒப்பந்தங்கள் தடுப்பதுண்டு. ஆகவே அலுவலகங்களுக்குரிய சந்தாவைக் கேட்டு, ஷரத்துகளை நிர்வாகக் குழு முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும்.

பயிற்சிக் கணக்கு: சேலைப் படம் ஒன்று 4 மெகாபைட்டு. சாதாரணத் தெளிவுள்ள அசையும் படம் மணிக்கு 1 ஜிகாபைட்டு. மிகு தெளிவுள்ளது மணிக்கு 3 ஜிகாபைட்டு. ஒரு வீட்டில் நாளொன்றுக்குப் பத்துச் சேலைப் படங்கள் அனுப்புகின்றனர். குழந்தை ஒரு மணி நேரம் சாதாரணத் தெளிவில் பாடம் கேட்கிறது. இரவில் ஒரு மணி நேரம் மிகு தெளிவில் சினிமா பார்க்கின்றனர். முப்பது நாளைக்கு மூன்றிற்கும் தனித்தனியே எவ்வளவு ஆகும்? மாத அளவு 50 ஜிகாபைட்டு என்றால் எதைக் குறைப்பீர்கள்? விடைகளைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு எழுதிக் கொண்டுவருக.