வெளிச்சம் கூடிப்போன ஃபிலிம் ரோல்

கேள்வி: 400 ஐஎஸ்ஓ கறுப்பு-வெள்ளை ஃபிலிமை, கேமராவில் 100 என்று வைத்து முழு ரோலும் எடுத்துவிட்டேன். இன்னும் கழுவவில்லை. தேறுமா?

பதில்: தாராளமாகத் தேறும். நான்கு மடங்கு வெளிச்சம் குறைந்திருந்தால்தான் கைவிரித்திருப்பேன். கூடியதில் நிழல் பகுதிகளின் விவரமெல்லாம் பத்திரமாக விழுந்திருக்கும். வெளிச்சப் பகுதிகளை மட்டும் அடக்க வேண்டும். அதற்கு டெவலப் செய்யும் நேரத்தைக் கால்பங்கு குறையுங்கள். உங்களுடையது இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்றால், ஐடி-11 டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து, 20 டிகிரி செல்சியஸில் வழக்கமாக 13 நிமிடம். நீங்கள் பத்தில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் கலக்காமல் ஊற்றாதீர்கள்: நேரம் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்து, படம் திட்டுத்திட்டாகிவிடும். டேங்கையும் ஆவேசமாகக் குலுக்க வேண்டாம். நெகட்டிவ் சற்றே கறுப்பாக வந்தால், பிரிண்ட் போடும்போது கூடுதல் விநாடிகள் வெளிச்சம் கொடுங்கள்.