சாரல் விழுகிறது: சர்க்கரை உள்ளவர்களும் குற்றாலத்துக்குக் கிளம்புங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கத் தொடங்கிவிட்டது. தென்காசிப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறுகிறது. ஜூனில் தொடங்கும் இந்தச் சாரல் விட்டுவிட்டு ஆகஸ்ட் வரை நீடிக்கும். வீடுகளில் வேன் பேச ஆரம்பித்திருப்பார்கள். கூடவே ஒரு பேச்சும் எழும்: "உங்களுக்குச் சுகர் இருக்கு, ஊசி போடணும், கூட்டத்துல கஷ்டமா இருக்கும். நீங்க வீட்லயே இருங்கம்மா, நாங்க போயிட்டு வந்துடறோம்."

அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மூட்டுவாதமும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிற நோய்கள் அல்ல. "குணமானதும் போகலாம்" என்று இவர்களிடம் சொன்னால், இனி எப்போதும் போக வேண்டாம் என்றுதான் பொருள். ஆகவே கிளம்புங்கள். ஆனால் எந்தத் தேதி, எந்த அருவி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற மூன்றையும் நோயுள்ளவர் முடிவு செய்யட்டும்; மற்றவர்கள் அதற்கு ஏற்பத் தங்களை அமைத்துக்கொள்ளட்டும். இது ஒன்று சரியாக அமைந்தால் மற்ற ஏற்பாடுகள் எளிது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை போய், "அருவியில் குளிக்கலாமா, அன்றைக்கு மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா" என்று நேராகக் கேளுங்கள். காலில் ஆறாத புண் உள்ளவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், படுத்தால் மூச்சு வாங்குபவர்கள் அவர் சம்மதிக்காமல் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக மாத்திரை பெறுபவர்கள், கையிருப்பு எந்தத் தேதியில் தீர்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது சனி, ஞாயிறையும் ஆடி அமாவாசையையும் விட்டுவிடுங்கள். செவ்வாய், புதன் போனால் வரிசையில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களில் பலருக்கு மறுநாள் உடம்பு அசதியாக இருக்கும். அந்த நாளைத் தவிருங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அன்றே கிளம்பாமல் அடுத்த நாள் போகலாம். இரவெல்லாம் பேருந்தில் தூங்காமல் போய், விடிந்ததும் அருவியில் நிற்பது யாருக்குமே நல்லதல்ல; வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சென்னையிலிருந்து வருபவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கிடைக்குமா என்று பாருங்கள். வந்து இறங்கியதும் அறையில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு அருவிக்குப் போகலாம்.

எந்த அருவி?

எல்லா அருவியிலும் குளித்துவிட வேண்டும் என்ற கணக்கை முதலில் கைவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அருவி போதும். பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அதனால்தான் இவ்வளவு உயரத்து அருவியில் மனிதர் நின்று குளிக்க முடிகிறது. இருந்தாலும் கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் மூட்டுவாதம் கழுத்தைப் பிடித்தவர்களும் நேராகத் தலையைக் கொடுக்க வேண்டாம். ஓரத்தில் நின்று தோளிலும் முதுகிலும் வாங்கிக்கொண்டால் போதும். ஐந்தருவியில் தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து விழுவதால் வேகம் குறைந்த இடம் பார்த்து நிற்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் என் பரிந்துரை புலியருவி. சின்ன அருவி, பலரும் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போய்விடுகிறார்கள்.

இதய நோயாளிகள் குளிர்ந்த தண்ணீருக்குள் சட்டென்று தலையை நீட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். முதலில் கால், பிறகு கை, முகம் என்று நனைத்து, உடம்பு பழகிய பின் உள்ளே போங்கள்.

மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது, அவன் பிழைக்கவில்லை. ஓட முடியாதவர்கள் வெளியேறும் படிக்கட்டுக்குப் பக்கமாகவே நில்லுங்கள். தண்ணீர் கலங்கி வந்தாலும், காவலர் விசில் ஊதினாலும் அந்தக் கணமே வெளியே வந்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் சர்க்கரை இறங்கினால்

இதற்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். அருவிக்கடியில் வியர்வை தெரியாது. நடுக்கம் குளிரால் வருவதாகத் தோன்றும். படபடப்பைக் குதூகலம் என்று நினைத்துக்கொள்வோம். இரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் ஏற்கெனவே அடங்கியிருக்கும். ஆக, உடம்பு கொடுக்கும் எச்சரிக்கைகள் எல்லாமே தண்ணீரில் மறைந்துவிடும்.

ஆகவே இறங்குவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 300ஐத் தாண்டி, உடம்பும் சரியில்லை என்றால் அன்று அருவி வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து உட்காருங்கள். நனையாமல் கரையில் ஒருவர் குளுக்கோஸ் பொடியோடும் சோதனைக் கருவியோடும் இருக்கட்டும். அவர் படம் எடுக்கிறேன் என்று நகர்ந்துவிடக் கூடாது. சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸோ சர்க்கரையோ மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். தென்காசி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.

சோதிக்கும் விரலைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மங்குஸ்தான் உரித்த கையோடு குத்தினால் எண் பொய்யாக ஏறும். ஈர விரலில் பொய்யாக இறங்கும். இரண்டுமே தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

எண்ணெய் மசாஜ் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குற்றாலத்துக்கு வருபவர்களில் பலர் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து வேகமாக இரத்தத்தில் ஏறி, எதிர்பார்த்ததைவிட முன்பே சர்க்கரை இறங்கும். "இந்த இடத்தில் கை வைக்காதீங்க அண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்துலா வைத்த கையை அவர்கள் தொடவே கூடாது. கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருப்பவர்கள் கவனியுங்கள்: எண்ணெய் பட்டால் பசை விட்டுவிடும், அருவியின் வேகமும் அதைப் பிய்த்துவிடும்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவுக்கோ குப்பிக்கோ குற்றாலத்தின் குளிர்ச்சி ஒரு கெடுதலும் செய்யாது. ஆபத்து வழியில்தான். கோவில்பட்டி வெயிலில் நிறுத்திய வேனுக்குள் விட்டால் மருந்து வீணாகும். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துபோனாலும் வீண். ஈரத்துணி சுற்றிய டப்பாவில் போட்டு, உங்கள் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கால், சாப்பாடு

நரம்பு மரத்த காலுக்கு வழுக்குப் பாறையும் உடைந்த கண்ணாடியும் ஒன்றுதான், இரண்டுமே தெரியாது. பின்பட்டை வைத்த, நனைந்தால் கெடாத செருப்பைப் போட்டுக்கொண்டே குளியுங்கள். ஹவாய் செருப்பு தண்ணீரில் நழுவிவிடும். பேரருவிக்குப் பக்கத்தில் இருக்கும் குற்றாலநாதர் கோயிலுக்கும், பஞ்ச சபைகளில் ஒன்றான சித்திர சபைக்கும் போவதாக இருந்தால் தரை சுடாத காலை நேரத்தில் போங்கள். காலுறை அணிந்துகொள்ளலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். குளித்து வந்ததும் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துடைத்து உலர விடுங்கள். குளிருக்காக அடுப்புப் பக்கம் காலை நீட்டாதீர்கள், வெந்நீர்ப் பையும் வைக்காதீர்கள். தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயத்தைக் கட்டாயமாக்குங்கள். சீசனில் ஹோட்டலில் இடம் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். "சாப்பிடத்தானே போகிறோம்" என்று வேனிலேயே ஊசி போட்டுவிட்டு வரிசையில் நின்றால் அங்கேயே சர்க்கரை இறங்கிவிடும். இலையில் சாப்பாடு வந்த பிறகு போடுங்கள். பார்டர் பரோட்டாவைப் பார்த்துவிட்டு ஏக்கத்தோடு திரும்ப வேண்டாம்: ஒன்று சாப்பிடுங்கள், கூடவே மிளகுக் கோழியோ முட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் இந்த மூன்று மாதம்தான் கிடைக்கும். சுவைக்க இரண்டு மூன்று போதும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் வெட்டி வைத்த பழத்தைத் தவிர்த்து, தாங்களே உரிக்கும் பழமாக வாங்குங்கள்.

கழிப்பறைக்கு அஞ்சி நீர் மாத்திரையை அன்றைக்கு விட்டுவிடுவது பலரின், குறிப்பாகப் பெண்களின் வழக்கம். விடாதீர்கள். எந்த நேரத்துக்கு மாற்றி எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அருவிக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தினமும் இழுக்கும் இன்ஹேலரை நிறுத்தாமல், அவசரத்துக்கான இன்ஹேலரைப் பெட்டிக்குள் பூட்டாமல் கையோடு வைத்திருங்கள். லூபஸ் உள்ளவர்கள் மேகமூட்டத்தை நம்பாதீர்கள், புற ஊதாக் கதிர் அதையும் ஊடுருவும். முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும்.

குளிக்கவே முடியாதவர்களும் வாருங்கள். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்தது அருவிக்காக மட்டுமல்ல, உட்கார்ந்து பேசவும்தான். பேரருவிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, சாரல் முகத்தில் படும்படி இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பதும் முழுமையான ஒரு நாள்தான். குடும்பத்தார் முறை போட்டுக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் அவரோடு உட்காருங்கள். பை காக்க விட்டுவிட்டுப் போவது போலச் செய்யாதீர்கள்.

அன்றிரவு சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். நடந்து களைத்த நாளில் சர்க்கரை நள்ளிரவிலும் இறங்கும். படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். மறுநாளுக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். காலையில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளமோ சிவப்போ கீறலோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது காலில் புண் உள்ளவர்கள் அது ஆறும்வரை பொறுத்து, ஆகஸ்ட் நடுவில் தேதி குறியுங்கள். ஐப்பசிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகள் விழும். ஆனால் அப்போது இந்தச் சாரல் இருக்காது, வெள்ளம் சட்டென்று வரும், கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.