அணைந்த பின்னும் அகலாத புகை

வீட்டில் ஒருவர் சிகரெட்டோ பீடியோ பிடித்து அணைத்த பிறகு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிட்டுச் சற்றுப் பொறுத்தால் புகை போய்விடும், புகை போனால் அதன் தீங்கும் போய்விடும் என்பது, படித்தவர் படியாதவர் என்ற வித்தியாசமின்றி நம்மில் பெரும்பாலோர் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் நம்பிக்கை. கண்ணுக்குப் புலப்படும் புகை கலைந்து போவது மெய்தான். ஆனால் அதனோடு வெளிப்பட்ட நிகோடினும் வேறு பல ரசாயனங்களும் சுவரிலும், திரைச்சீலையிலும், மெத்தையிலும், தரைத் தூசியிலும், புகைத்தவருடைய தலைமயிரிலும் தோலிலுமாகப் படிந்து, அங்கிருந்து நாட்கணக்காக, மாதக்கணக்காகச் சிறிது சிறிதாய்க் காற்றில் மீண்டும் கலந்துகொண்டே இருக்கின்றன. புகைப்பவர் உள்ளிழுப்பது முதல் நிலை, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் நிலை என்று கொண்டு, இந்தப் படிவை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜோனதன் வினிகாஃபும் அவருடைய சகாக்களும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இப்பெயர் பரவலாயிற்று. பல வருஷங்கள் புகைபிடித்த அறையில், சுவரில் வெகுகாலம் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. காலண்டர் மறைத்திருந்த இடம் மட்டும் பழைய வெண்மையோடு இருக்க, சுற்றிலும் சுவர் மஞ்சள் பூத்திருக்கும்.

"நான் வீட்டுக்குள் பிடிப்பதே இல்லை, மொட்டை மாடிக்குப் போய்த்தான் பிடிக்கிறேன்" என்று சொல்லித் தகப்பன்மார் பலர் மனச்சாந்தி அடைகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணம் மதிக்கத்தக்கது. அதனால் பலன் இல்லாமலும் இல்லை. கலிபோர்னியாவில், ஸான் டீகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக் கியோர்க் மாட் என்பவரும் அவருடைய குழுவினரும் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளைப் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, உள்ளேயே புகைப்பவர்களின் வீடுகளில் புகையிலை மாசு, வெளியே சென்று புகைப்பவர்களின் வீடுகளைவிட 3 முதல் 8 மடங்கு அதிகம். ஆயினும் அப்படி வெளியே சென்று புகைத்தவர்களின் வீடுகளிலுங்கூட, புகைப்பழக்கமே இல்லாத குடும்பங்களின் வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு அதிக மாசு இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வருகிறவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கித் தோளில் சார்த்துகிறார். குழந்தையோ பல் முளைக்கும் பருவத்துக்கே உரிய ஆவலோடு அவருடைய சட்டைக் காலரைக் கவ்விச் சப்புகிறது. மாடியில் விட்டுவந்ததாக அவர் நினைத்த வஸ்து குழந்தையின் வாய்க்குள் போவதற்கு இதைவிட நேரான வழி வேறென்ன வேண்டும்?

மனிதர் எவ்வளவு சுமந்து வருகிறார் என்பதற்கு ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் நடந்த ஆராய்ச்சி நல்ல அத்தாட்சி. புகைபிடிப்பது பல வருஷங்களுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட அரங்கு அது. அப்படியிருந்தும் ஜனங்கள் உள்ளே வந்து அமர்ந்ததும் காற்றில் புகையிலை ரசாயனங்கள் ஏறின. குழந்தைகளோடு வந்து பார்க்கும் படங்களைக் காட்டிலும், வயது வந்தோருக்கான படங்களின்போது அதிகமாக ஏறின. ஒரு மணி நேரத்தில் அரங்கினர் சுவாசித்தது, 1 முதல் 10 சிகரெட்டுகளின் இரண்டாம் நிலைப் புகைக்கு ஒப்பானது என்று 2020-இல் வெளியான அந்த ஆராய்ச்சி கணக்கிட்டது.

சாம்பிராணி போட்டாலோ ஊதுபத்தி ஏற்றினாலோ சரியாகிவிடும் என்பது மற்றொரு நம்பிக்கை. நாற்றத்தை நறுமணம் மறைக்கும். படிவை அது தொடுவதுமில்லை. போதாக்குறைக்கு, அந்தப் புகையின் நுண்துகள்களும் அறைக் காற்றில் சேர்ந்துகொள்கின்றன.

வெள்ளையடித்துவிட்டால் வீடு புதிதாகிவிடும் என்று நினைப்போருக்கும் கியோர்க் மாட் குழுவினர் 2011-இல் விடை தந்திருக்கிறார்கள். புகைப்பவர்கள் காலிசெய்து போன வீடுகளில், இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்யப்பட்டு, சில வீடுகளில் புதுவர்ணமும் புதுக் கம்பளமும் போட்ட பிறகும், படிவு நீங்காமல் இருந்தது. புதிதாகக் குடிவந்த புகைக்காதவர்களின் விரல்களில் நிகோடின் ஒட்டியிருந்தது.

பழசாக ஆகப் படிவின் வீரியம் குறையுமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் இங்கே இயற்கை நம் எதிர்பார்ப்புக்கு மாறாக நடந்துகொள்கிறது. எரிவாயு அடுப்பு எரியும்போதும் வாகனங்கள் ஓடும்போதும் நைட்ரஸ் அமிலம் என்ற வாயு உண்டாகிறது. அது சுவரிலும் துணியிலும் உறங்கும் நிகோடினோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் என்ற பொருள்களை உற்பத்தி செய்கிறது என்பதை, கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச்சாலையினர் 2010-இல் நிரூபித்தார்கள். சிகரெட் புகை படிந்த பரப்பை 3 மணி நேரம் அந்த வாயுவில் வைத்தபோது, முதலில் இருந்ததைப்போல் பத்து மடங்கு நைட்ரோசமைன்கள் புதிதாகப் பிறந்தன. இவ்வினத்தைச் சேர்ந்த இரண்டு பொருள்களை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே பழைய படிவைச் செத்த பாம்பு என்று எண்ணிவிடலாகாது.

இவையெல்லாவற்றாலும் முதலில் பாதிக்கப்படுவது தவழும் குழந்தைதான். தரையே அதன் உலகம். தொட்டதையெல்லாம் வாயில் வைப்பது அதன் சுபாவம். தேக எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பதும் அதுவே.

இதற்கு மறுகோடியில், படிந்த புகை சிகரெட்டைப் போலவே மனிதரைக் கொல்லும் என்று பீதி கிளப்புகிறவர்களும் உண்டு. அவர்களையும் திருத்தவேண்டியது என் கடமை. மனித உயிரணுக்களின் மரபுப்பொருளை இப்படிவு பழுதாக்குவது ஆராய்ச்சிச்சாலையில் காணப்பட்டது. எலிகளின் ஈரலும் நுரையீரலும் கெட்டு, காயம் ஆறுவதும் தாமதமானது. மனிதரில் இன்ன வியாதி இத்தனை பேருக்கு இதனால் வருகிறது என்ற கணக்கு இன்னும் தீரவில்லை. அபாயம் உண்டு என்பதற்கு இதுவரை தெரிந்ததே போதும். மிகைப்படுத்தினால் மெய்யையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

பொது இடங்களில் புகைபிடிப்பதை 2008 அக்டோபர் 2 முதல் நம் நாட்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. வீட்டுக்குள் அச்சட்டம் நுழைவதில்லை, வீட்டார்தாம் விதி செய்துகொள்ள வேண்டும். புகைப்பதை விட்டுவிட்டவர்களின் வீடுகளிலேயே ஆறு மாதத்துக்குப் பின்னும் படிவு காணப்பட்டிருப்பதால், விடுவதோடு கழுவுவதும் அவசியம். தரையைப் பெருக்கினால் மட்டும் போதாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நிகோடின் காரப்பொருளாதலால், நீர்த்த வினிகர் அதைக் கரைக்க உதவும். திரைச்சீலைகளையும் விரிப்புகளையும் துவைக்கலாம். புகையில் ஊறிய மெத்தையையும் சோபாவையும் அகற்றிவிடுவதைத் தவிர வழி இல்லை. பழக்கத்தை உடனே விட இயலாதவர்கள் குளித்து, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் தண்ணீரையும் காற்றோட்டத்தையும் விசாரிப்பதோடு, முன்பு குடியிருந்தவர்கள் உள்ளே புகைபிடித்தார்களா என்றும் வீட்டுக்காரரைக் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.