கழிவு ஒயிலும் சட்டமும்: சுன்னாகம் தரும் பாடம்



"எங்கள் கராஜில் கழிவது ஒரு பரல் ஒயில்தான், அதற்குமா சட்டம்?" என்று சுன்னாகத்தில் பலர் கேட்க நான் கேட்டிருக்கிறேன். இதற்கு நமது ஊர்க் கிணறுகளே பதில் சொல்லும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே நமது குடிநீர். சுன்னாகம் மின் நிலைய வளவைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததால் மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். 2015இல் மல்லாகம் நீதவான் நீதிமன்றம், அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனத்தின் இயக்கத்தை நிறுத்த உத்தரவிட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு அந்நிறுவனம் ரூபா 2 கோடி நட்டஈடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெறுவோர் 500 பேருக்கும், ஒருவருக்குரிய தொகை ரூபா 40,000க்கும் மேற்படக் கூடாது என்பது ஏற்பாடு. மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்பதே தீர்ப்பின் அடிப்படை.

இத்தகைய விடயங்களில் சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

முதலாவது, என்ன கழிவு? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், ஆபத்தான கழிவுகளை அட்டவணையிட்டுத் தனியே பிரித்துள்ளன. பாவித்த ஒயில், பழைய பற்றறி, மின்னணுக் கழிவு ஆகியன அதில் அடங்கும். குப்பையும் இவையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

இரண்டாவது, அனுமதி உண்டா? மாசுபடுத்தும் தன்மையைப் பொறுத்துத் தொழில்கள் பிரிவுகளாக்கப்பட்டுள்ளன. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ பிரதேச சபையோ வழங்கும். அட்டவணைக் கழிவைச் சேகரிக்கவும், காவிச் செல்லவும், களஞ்சியப்படுத்தவும் வேறு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மூன்றாவது, யாருக்குத் தீங்கு? இங்கேதான் விடயம் பாரதூரமாகிறது. அனுமதியின்மைக்கான தண்டம் ஒரு புறமிருக்க, அயலவரின் கிணறு கெட்டால் நட்டஈடும் வந்து சேரும். "வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொல்லிக் கெட்ட கிணற்றைத் திருத்த முடியாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். கழிவு ஒயிலை மூடிய பரலில், சீமெந்துத் தரையில், மழை படாமல் வையுங்கள். வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கறையானுக்குப் பூசவென்று கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள். அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுத்து, திகதியும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக் கோவையில் போடுங்கள். நாளை கேள்வி வந்தால் உங்களுக்காகப் பேசுவது அந்தத் துண்டுதான். உங்கள் தொழில் எந்தப் பிரிவு என்பதை இந்த வாரமே பிரதேச சபையில் கேட்டறியுங்கள்.

பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நமது மார்க்கத்தின் விதி. அயலவரின் தண்ணீரைக் கெடுத்துச் சேர்த்த இலாபத்தில் பரக்கத்தைத் தேட முடியுமா? சட்டம் கேட்பதற்கு முன்பே நாம் நம்மைக் கேட்டுக்கொள்வோம்.